அப்பாவின் பழைய புல்லட், எனக்கு 43 வயது: பெண்கள் பைக் குழுவில் சேரலாமா?

கோபிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் காசாளராக இருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்.

அப்பாவிடம் 1987ஆம் ஆண்டு புல்லட் ஒன்று இருக்கிறது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். போன ஆண்டு அப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் கிக்கரை உதைக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று அண்ணன் பேச்செடுத்தபோது அப்பா வாய் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "விற்க வேண்டாம், நான் ஓட்டுகிறேன்" என்றேன்.

திண்ணையை விட்டு இறங்காமலே அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தார். சாவியைப் போடு. கிக்கரை மெல்ல அழுத்து. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததா? இப்போது இடது கையில், அழுத்தத்தை வெளியேற்றும் சிறு பிடியான டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கு. விட்டுவிடு. கிக்கர் மேலே வரட்டும். இனி உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரே உதை. பதினோரு நாள் காலையிலும் உதைத்துப் பார்த்துவிட்டு, கெண்டைக்கால் கன்றிப்போய் ஸ்கூட்டரிலேயே வேலைக்குப் போனேன். பன்னிரண்டாம் நாள் வண்டி பிடித்துக்கொண்டது. அப்பாதான் ஏறிவிட்டார் என்று பயந்து அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

நான்கு மாதமாக ஓட்டுகிறேன். பாரியூர், கொடிவேரி, ஒருமுறை பவானிசாகர் வரை தனியாகப் போய் வந்தேன். பவானிசாகரில் டீ குடிக்க நிறுத்தியபோது நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். "யார் வண்டி?" என் வண்டிதான் என்றேன். "வீட்டுக்காரர் எங்கே?" அவர் வீட்டில் இருக்கிறார் என்றேன். யாரும் தவறாகப் பேசவில்லை. ஒருவர் டீக்குக் காசு கொடுக்கவும் முன்வந்தார். ஆனாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பக்கத்தில் இன்னொரு பெண் தன் வண்டியோடு நின்றிருந்தால் முழுக் கோப்பையையும் குடித்திருப்பேன். அன்றிலிருந்துதான் இந்த எண்ணம்.

பெண்கள் பைக் குழுக்கள் இருப்பதாகப் படிக்கிறேன். படங்களில் எல்லோரும் இருபத்தைந்து வயதுக்காரர்களாக, லடாக்கில் நிற்கிறார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை முதல் மதியம் வரைதான் நேரம். என் வண்டி அறுபதுக்கு மேல் போனால் அலறும். என்னால் அவர்களுக்குத் தொந்தரவு ஆகுமா? இதெல்லாம் பெருநகரப் பெண்களுக்கான புதுப் பழக்கம்தானா? விவரம் தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கூட்டருக்கு எடுத்த ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கிறது.

---

பாயின்ட்_செட் எழுதியது:

அம்மா, கரூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய புல்லட்டுகளைத்தான் பழுது பார்க்கிறேன். குழுவைப் பற்றி எனக்குத் தெரியாது. உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

ஸ்கூட்டர் உரிமம் என்றால் அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்ததாக இருக்கலாம். அட்டையை எடுத்துப் பாருங்கள். அப்படியென்றால் நான்கு மாதமாக நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். நாளைக்கே கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் போடுங்கள். முப்பது நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டினால் முடிந்தது. ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. வலது கியர் வண்டியும் இடது கியர் வண்டியும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். குழுவில் யாராவது "என் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவசரத்தில் மூளை யோசிக்காது, கால் தானாகப் போகும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தவர்களின் வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். உங்கள் முன்னால் போகும் பெண் நின்ற இடத்தில் நிற்பார், நீங்கள் நிற்கமாட்டீர்கள். இடைவெளியை மற்றவர்களைவிட இரட்டிப்பாக வையுங்கள்.

---

பொள்ளாச்சித்தையல் எழுதியது:

தங்கை, உன் கேள்வியை நேற்று இரவு கடையைச் சாத்திவிட்டுப் படித்தேன். எனக்கு 51 வயது. பொள்ளாச்சியில் தையல் கடை. கோவைப் பக்கத்துப் பெண்கள் பதினாறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு பைக் குழுவில் ஏழு ஆண்டாக இருக்கிறேன். ஆள் சேர்க்க எழுதியதாக ஆகிவிடக் கூடாது என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

எங்களில் மூத்தவருக்கு 62, அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளையவளுக்கு 22. ஒருத்தி 2018இல் அரசு பாதி விலை மானியம் கொடுத்தபோது ஸ்கூட்டர் வாங்கி, அதில் மூன்று ஆண்டு ஓடிப் பழகி, பிறகு கியர் வண்டிக்கு மாறியவள். லடாக் போனவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் உன்னைப் போல ஞாயிறு மதியச் சமையலுக்குத் திரும்ப வேண்டியவர்கள்தான். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவெஞ்சர் பைக் வைத்திருக்கிறேன். அதன் இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர்; இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் ஊன்றும். புல்லட்டில் உனக்கு நுனிக்கால்தான் எட்டுகிறது என்றால் இருக்கை நுரையைக் கொஞ்சம் செதுக்கச் சொல். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"தொந்தரவு ஆகுமா" என்று கேட்டாயே, அதைத்தான் பேச வேண்டும். ஒரு குழுவுக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேள். "வரிசையில் கடைசியாக வருவது யார்? நடுவில் ஒருத்தி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே போகாதே.

கடைசி வண்டியை நாங்கள் எங்களில் நன்றாக ஓட்டத் தெரிந்தவரிடம்தான் கொடுப்போம். பஞ்சர் ஒட்டும் சாமானும் முதலுதவிப் பையும் அவரிடம் இருக்கும். புதிதாக வருபவளை இரண்டாவதாக, முதல் வண்டியின் பின்னாலேயே வைப்போம். காரணம் இருக்கிறது. முன்னால் போகிறவர் கொஞ்சம் வேகம் கூட்டினால், பின்னால் ஒவ்வொருவராக அதை உணர்ந்து, இடைவெளியைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். முதல் வண்டி அறுபதில் போகும்போது வால் முனையில் இருப்பவர் எழுபத்தைந்தில் விரட்டிக்கொண்டிருப்பார். புதியவளை அங்கே போட்டால் பயத்தில் திருகுவாள், விழுவாள். இரண்டாவதாக வைத்தால் மொத்த வரிசையும் அவள் வேகத்துக்கு வந்துவிடும். உன் புல்லட் அறுபதில் போனால் அன்றைக்கு எல்லோருக்கும் அறுபதுதான். இதில் யாரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை. வரிசை அறாமல் இருக்க அதுதான் வழி.

நேர் சாலையில் ஜிக்ஜாக் தையல் மாதிரி போவோம். முதல் வண்டி நடுக்கோட்டுப் பக்கம், இரண்டாவது ஓரத்துப் பக்கம் ஒரு விநாடி பின்னால், மூன்றாவது மறுபடி நடுக்கோட்டுப் பக்கம், முதல் வண்டிக்கு இரண்டு விநாடி பின்னால். மலையில் ஜிக்ஜாக் கிடையாது, ஒற்றைத் தையல்தான். ஒவ்வொருவருக்கும் வளைவின் முழு அகலமும் வேண்டும்.

என் முதல் மலைப் பயணம் வால்பாறை. ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவோ ஏழாவதோ, வலப்பக்கம் திரும்பும்போது மேலிருந்து பஸ் இறங்கியது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், ஓட்டுநரும் நிறுத்திவிட்டார். நான்தான் பதறி, கைப்பிடி திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கைப் பிடித்தேன். அந்த வேகத்தில் அப்படிப் பிடித்தால் வண்டி அப்படியே படுத்துவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. வலப்பக்கமாக விழுந்தது. எனக்கு அடி இல்லை. பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள். கடைசி வண்டியில் வந்த அக்கா நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பஸ்ஸில் இருந்து உதவிக்கு இறங்கிய இரண்டு பேரையும் கைகாட்டி நிறுத்தினார். "அவளே தூக்குவாள். ஒரு நிமிடம் பொறுங்கள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்ஜினை அணைக்கச் சொன்னார். கியரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வலப்பக்கம் விழுந்ததால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே இழுத்துவிடச் சொன்னார். கைப்பிடியைத் தரைப் பக்கமாக முழுதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கை விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்த வேண்டும். ஒரு கை கைப்பிடியில், மறு கை பின்னால் உள்ள கம்பியில். "கையால் தூக்காதே, முதுகை வளைக்காதே. காலால் பின்னோக்கி நட, எறும்பு மாதிரி." இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை வண்டி என் முதுகைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. பஸ்ஸில் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறு, முப்பத்து மூன்று வளைவு மிச்சம்" என்றார்.

அன்று அவர் என்னைக் கடந்து போயிருந்தால், அல்லது அந்த இரண்டு பேர் தூக்கிக் கொடுத்திருந்தால், பொள்ளாச்சி திரும்பியதும் வண்டியை விற்றிருப்பேன். இது உறுதி.

இன்னும் சில. ஜாக்கெட் வாங்கும்போது கவனி. கடைகளில் பெரும்பாலும் ஆண்கள் அளவுதான். நெஞ்சுக்குப் பொருந்த எடுத்தால் தோள் தொங்கும். தோள் தொங்கினால் முழங்கைக் கவசம் முன்கைக்கு இறங்கிவிடும். விழும்போது அது முழங்கையைக் காக்காது. எங்கள் குழுவில் ஒன்பது ஜாக்கெட்டுகளை நான் சரிசெய்திருக்கிறேன். உள்துணியைப் பிரித்து, கவசம் உட்காரும் பையை மேலே ஏற்றி நைலான் நூலில் தைப்பேன். வெளித்துணித் தையலை யார் காசு கொடுத்தாலும் தொடமாட்டேன். சாலையில் உரசும்போது பிரியாமல் நிற்க வேண்டியது அந்தத் தையல்தான். உன் ஊர் தையல்காரரிடமும் இதைச் சொல்லிக் கொடு.

எந்தச் சாலையில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று எங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஏழு ஆண்டில் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தது. மாதவிடாய் நாளில் மலைக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கும் ஒருத்திக்கு அந்தப் பட்டியல்தான் பதில் சொல்லும். குழுவில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

---

வைகைக்கரை எழுதியது:

பொள்ளாச்சி அக்கா சொல்வது போன்ற குழு அமைவது கொடுப்பினை. எனக்கு அமையவில்லை.

மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் குழுவில் ஒன்றரை ஆண்டு இருந்தேன். மார்ச் 8 வந்தால் அழைப்பு வரும். ஒரு கடைத் திறப்பு விழா, ஒரே நிறத்தில் சட்டை, கொடியசைப்பு, ஐந்து கிலோமீட்டர். முகம் தெரிய வேண்டும் என்று படம் எடுக்கும்வரை ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக்கொண்டு ஓடும் வண்டியில் நானும் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் கோபம் வருகிறது. அடுத்த மார்ச் வரை யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு ஒருநாள் உசிலம்பட்டிச் சாலையில் சங்கிலி அறுந்தபோது குழுவில் செய்தி போட்டேன். இருபது பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஒருவரும் வரவில்லை.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரோடு மட்டும் போகிறேன். மூன்று வண்டி, பெயர் இல்லை, சட்டை இல்லை. சகோதரி, குழு கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். இன்னொரு பெண்ணைக் கண்டுபிடித்தால் போதும்.

---

ஒற்றியூர்_அலை எழுதியது:

அக்கா, உங்கள் அப்பாவின் வண்டி எங்கள் திருவொற்றியூரில் பிறந்தது. எங்கள் தாத்தா அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். அதனால் எனக்கும் உங்கள் வண்டிமேல் கொஞ்சம் உரிமை உண்டு.

புதுப் பழக்கமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. அமெரிக்காவில் லிண்டா டூஜோ என்ற பெண், தன்னைப் போல வண்டி ஓட்டும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, வண்டி விற்கும் கடைகளுக்கும் தெரிந்த ஓட்டுநர்களுக்கும் கடிதமாக எழுதித் தள்ளினார். நீங்கள் இங்கே எழுதியது போலத்தான். அப்படிக் கிடைத்தவர்களைக் கொண்டு அவரும் டாட் ராபின்சனும் 1940இல் 'மோட்டார் மெய்ட்ஸ்' சங்கத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் அதை அங்கீகரித்தபோது உறுப்பினர்கள் 51 பேர். சங்கம் இன்றும் இருக்கிறது. அவர்களின் விதி ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். சேருகிற பெண்ணுக்குச் சொந்த வண்டி இருக்க வேண்டும், அல்லது குடும்பத்தில் ஒருவருடைய வண்டியாக இருக்க வேண்டும். அப்பாவின் புல்லட் அங்கேயும் செல்லும்!

1950இல் லூயிஸ் ஷெர்பின் என்பவர் நாடுகளைக் கடந்த பெண்கள் மோட்டார்சைக்கிள் சங்கமான விமாவைத் தொடங்கினார். நம் நாட்டில் 2011இல் புனேயில் ஊர்வசி பட்டோலேயும் ஃபிர்தௌஸ் ஷேக்கும் 'பைக்கர்னி'யைத் தொடங்கினார்கள். பிறகு பல ஊர்களுக்குப் பரவியது.

உங்கள் டீக்கடைக் கதையைப் படித்ததும் வான் பியூரன் சகோதரிகள் நினைவுக்கு வந்தார்கள். 1916இல் அகஸ்டா, அடிலைன் என்ற அந்த இருவரும் ஆளுக்கொரு 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் வண்டியில் நியூயார்க் பக்கத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை போனார்கள். வழியில் போலீஸ் அவர்களைப் பிடித்தது. வேகத்துக்காக இல்லை, ஆண்களின் கால்சட்டை போட்டிருந்ததற்காக. இருவராக இருந்ததால்தான் அந்தச் சாலையை முடித்தார்கள் என்று நான் நம்புகிறேன். வைகைக்கரை அக்கா சொல்வதும் அதுதானே.

---

பொள்ளாச்சித்தையல் எழுதியது:

வைகைக்கரை தங்கை, சங்கிலி அறுந்த அன்று உனக்கு யாரும் வரவில்லை என்பதைப் படித்து மனது கனத்துவிட்டது. எங்களுக்கும் கடைத் திறப்பு அழைப்புகள் வந்தன. ஒருமுறை போனோம். திரும்பி வந்து, இனி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். உன் மூன்று வண்டியும் ஒரு குழுதான். வால்பாறை வருவதாக இருந்தால் சொல், ஆழியாற்றில் காத்திருப்போம்.

கோபித் தங்கை, முதலில் உரிமம். பிறகு எனக்குத் தனியாகச் செய்தி போடு. நீ கோவைக்கு வர வேண்டாம். முதல் பயணத்துக்கு உன் பக்கம் நாங்கள் வருகிறோம்.

---

கோபிக்காரி எழுதியது (இரண்டு மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கரூர் அண்ணா சொன்னது சரி. அட்டையில் கியர் இல்லாத வண்டி என்றுதான் இருந்தது. அன்றே வண்டியை மூடிப் போட்டுவிட்டேன். எல்.எல்.ஆர். எடுத்தபின் அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பழகினேன். எட்டு முதல் முறையிலேயே வந்துவிட்டது. ஆர்.சி. பற்றி அப்பாவிடம் கேட்டேன். புதுப்பித்த தேதிகளைத் திண்ணையில் இருந்தபடியே ஒப்பித்தார்.

போன ஞாயிறு ஆறு பேர் விடியும் முன்பே சத்தியமங்கலம் வந்து நின்றார்கள். பொள்ளாச்சி அக்காதான் கடைசி வண்டி. என்னை இரண்டாவதாக வைத்தார்கள். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறினோம். இருபத்தேழு வளைவு. பதினான்காவதில் என் வண்டி அணைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், எனக்குப் பின்னால் எல்லா வண்டியும் ஓரத்தில் வரிசையாக நின்றிருந்தன. ஒருவரும் ஒலிப்பான் அடிக்கவில்லை. முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது.

மேலே டீக்கடையில் இதே கேள்வி வந்தது, யார் வண்டி என்று. ஏழு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வண்டியைக் காட்டினோம். கடைக்காரர் கேட்டது பால் எத்தனை, கட்டங்காப்பி எத்தனை என்பதுதான். முழுக் கோப்பையையும் குடித்தேன்.

மதியம் தெருமுனையில் திரும்பும்போதே அப்பா திண்ணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நான் நிறுத்தியதும், எப்படி இருந்தது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "டேப்பட் சத்தம் வருகிறது, கேட்கவில்லையா உனக்கு?" என்றார். கரூர் அண்ணா, வால்வை இயக்கும் அந்தப் பாகத்தை நானே சரிசெய்ய முடியுமா? அடுத்த ஞாயிறு கொடிவேரிக்கு வருகிறார்கள்.

---

பாயின்ட்_செட் எழுதியது:

தாராளமாக முடியும். ராத்திரி முழுக்க வண்டி ஆறட்டும், சூட்டில் தொடாதீர்கள். வலப்பக்கம் டேப்பட் மூடியைக் கழற்றி, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வரும்படி கிக்கரை மெல்ல இறக்குங்கள். தள்ளுகம்பியை இரண்டு விரலால் திருகினால் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இடத்தில் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள்; நட்டு இறுகும்போது அளவு மாறியிருக்கும். அப்பாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். சந்தேகம் வந்தால் அவர் காதுதான் சரி.